இடைமொழி வழி வரும் நார்வே: ஒரு நாவலும் இரு தொலைக்காட்சித் தொடர்களும்

நார்வே நாட்டின் மியோசா ஏரியின் வடகோடியில் அமைந்துள்ள லில்லெஹாமர் ஒரு சிறு நகரம். உலகம் அதனை இரு வழிகளில் அறியும். 1928ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற சிக்ரித் உன்செட் 1919 முதல் வாழ்ந்த பியெர்கெபெக் இல்லம் அங்கு உள்ளது. 1994ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்ததும் அங்கேதான். அந்த விளையாட்டுகளைத் தொலைக்காட்சியிற் கண்டு, அவ்வூரின் பனியும் தூய காற்றும் மனத்திற் பதிந்துவிட்ட நியூயார்க் குற்றக்கும்பல்காரன் ஒருவன், பின்னாளில் அரசுப் பாதுகாப்புடன் தலைமறைவாக அங்கே குடியேறுகிறான் என்பது 2012இல் வெளிவந்த 'லிலிஹாமர்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் கதை. ஒரே ஊரில் உலகறிந்த ஒரு நாவலாசிரியரும் உலகறிந்த ஒரு தொடரும் அமைந்தது தற்செயலே. எனினும், நார்வேஜிய மொழி தன் நாட்டு எல்லையைத் தாண்டும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் புத்தகத்திலும் திரையிலும் ஒருங்கே வைத்து நோக்க இவ்வூர் நல்ல தொடக்கமாக அமைகின்றது. இவற்றுடன் ஓஸ்லோ நகரைக் களமாகக் கொண்ட 'ஸ்காம்' என்னும் தொடரும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

நார்வேஜிய மொழியின் நிலை மொழியியலாருக்குப் புதியதன்று. ஐனார் ஹௌகன் 1966இல் வெளியிட்ட நூலின் வழி, மொழித்திட்டமிடல் பயில்வோர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு அது. 1814 வரை நீடித்த டேனிய ஆட்சியின் விளைவாக எழுத்துமொழி டேனியமாகவே இருந்தது. அதிலிருந்து படிப்படியாகத் திரிந்து வந்தது பூக்மோல்; நாட்டுப்புறக் கிளைமொழிகளைத் தொகுத்து ஈவார் ஓசன் உருவாக்கியதன் வழிவந்தது நீநோர்ஸ்க். 1885இல் இரண்டிற்கும் சமநிலை வழங்கப்பட்டது. 1907, 1917, 1938 ஆகிய ஆண்டுகளின் எழுத்துச் சீர்திருத்தங்கள் இரண்டையும் நெருங்கச் செய்ய முயன்றும் ஒன்றாக்க இயலவில்லை. இக்கட்டுரைக்கு இன்றியமையாத செய்தி வேறொன்று. எழுத்திற்கு இரு தரவடிவங்கள் இருப்பினும், பேச்சிற்கென்று அரசு ஏற்ற தரவடிவம் அங்கு இல்லை. அமைச்சரும் பேராசிரியரும் செய்தி தருவோரும் தத்தம் வட்டார வழக்கிலேயே பொதுமேடையில் பேசுவர். அது குறையாகக் கருதப்படுவதில்லை. என்.ஆர்.கே. என்னும் பொது ஒலிபரப்பு நிறுவனம் தன் நிகழ்ச்சிகளில் குறைந்தது 25 விழுக்காடு நீநோர்ஸ்கில் வழங்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே நார்வேஜியப் பாத்திரம் ஒன்று வாய் திறந்த அளவிலேயே அதன் ஊர் தெரிந்துவிடுகிறது. ஓர் எழுத்தாளர் எந்த வடிவத்தில் எழுதுகிறார் என்பதே ஒரு நிலைப்பாடாகிவிடுகிறது. 2023இல் நோபல் பரிசு பெற்ற யூன் ஃபோசே நீநோர்ஸ்கில் எழுதுபவர். ஆங்கில நூலை மட்டும் கையில் எடுப்பவர் அவர் பூக்மோலைத் தேர்ந்திருந்தாலும் வேறுபாடு அறியமாட்டார்.

உன்செட்டின் இரண்டு ஆங்கிலங்கள்

பதினான்காம் நூற்றாண்டு நார்வேயைக் களமாகக் கொண்ட 'கிறிஸ்தின் லாவ்ரான்ஸ்தத்தர்' மூன்று பகுதிகளாக 1920, 1921, 1922 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. இதன் முதல் ஆங்கில வடிவம் 1920களிலேயே சார்லஸ் ஆர்ச்சர், ஜே. எஸ். ஸ்காட் ஆகியோரால் செய்யப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1997 முதல் 2000 வரை, தீனா நன்னலியின் புதிய பெயர்ப்பு வந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் இருவேறு நாவலாசிரியர்களைப் படிப்பதாகவே எண்ணுவர்.

ஆர்ச்சர் கதை நிகழும் காலத்தை மொழியிற் காட்ட விரும்பினார். ஆகவே வழக்கிறந்த வினைவடிவங்களும், முன்பின் மாறிய சொல்வரிசையும், பழைய ஆங்கில விவிலியத்தை நினைவூட்டும் தொடரமைதியும் அவர் பெயர்ப்பில் நிறைந்தன. மூலத்தில் பழஞ்சொற்கள் இல்லாமல் இல்லை. இடைக்கால வாழ்வின் பொருள்களையும் பதவிகளையும் சட்டங்களையும் உன்செட் அக்காலச் சொற்களாலேயே குறிக்கிறார். ஆனால் அவருடைய உரைநடையின் ஓட்டம் தெளிவானது, நேரானது. பழமையைச் சொல்லில் வைத்தாரேயன்றி மூடுபனிபோல் வாக்கியம் முழுதும் பரவவிடவில்லை. நன்னலியின் பெயர்ப்பு இத்தெளிவை மீட்டது. முன்னவர் விட்டுவிட்ட பகுதிகளையும் சேர்த்தது. அதன் மூன்றாம் பகுதிக்குப் பரிசும் கிடைத்தது. இன்று முதற்பெயர்ப்பைக் குறைகூறுவது எளிதாகிவிட்டது. ஆயினும் அதனை முற்றிலும் தள்ளிவிடுவது தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு நல்லதன்று. காரணம் பின்னர்க் கூறப்படும்.

தலைப்புகளை முதலில் நோக்கலாம். முதற்பகுதியின் மூலத்தலைப்பு 'கிரான்சன்' என்னும் ஒரே சொல். தலையில் அணியும் வளையம், சூட்டு என்பது பொருள். மணமாகாத உயர்குடிப் பெண் விரித்த கூந்தலில் இதனை அணிவாள். மணமானபின் தலையைத் துணியால் மறைத்துக்கொள்வாள். கிறிஸ்தின் பெற்றோர் பேசி முடித்த சீமோனை விட்டு ஏர்லெண்டைக் காதலிக்கிறாள். மணநாளில் மணமுடியைத் தலையிற் சுமந்து நிற்கும்போது அவள் கருவுற்றிருக்கிறாள். கன்னிமையின் அடையாளமான அவ்வளையத்தை அணியும் உரிமை அவளுக்கு முன்பே போய்விட்டது. அதனை ஊர் அறியாது, அவள் அறிவாள். நாவலின் முதற்பகுதி முழுவதும் இந்த ஓர் அறிவின் பாரத்தில் நிற்கிறது. ஆர்ச்சர் பெயர்ப்பின் அமெரிக்கப் பதிப்பு இதனை 'மணப்பெண்ணின் மாலை' என்று பொருள்படுமாறு தலைப்பிட்டது. ஓர் அடைமொழி சேர்ந்தது; பொருள் தலைகீழானது. மணத்திற்கு முந்தியதைக் குறிக்கும் சொல் மணத்தையே குறிப்பதாயிற்று. நன்னலி அடையை நீக்கி மூலத்தைப்போல் ஒரு சொல்லாகவே வைத்தார்.

தமிழில் இதற்கு 'மாலை' பொருந்தாது, மாலை கழுத்திற்குரியது. மணமேடையை உடனே நினைவூட்டுவதுமாகும். சங்க இலக்கிய உரையாசிரியர்கள் தலையிற் சூடுவதைக் கண்ணி என்றும் மார்பில் அணிவதைத் தார் என்றும் பிரித்துரைப்பர். பொருளளவில் 'கண்ணி' மிகவும் நெருங்கி வருகிறது. ஆயினும் இக்காலப் படிப்பாளருக்கு அது பறவை பிடிக்கும் வலையை முதலில் நினைவுபடுத்தும். 'கன்னி' என்னும் சொல்லோடு ஒலியால் நெருங்குவது பேறா தொல்லையா என்பது பெயர்ப்பாளரின் துணிவைப் பொறுத்தது.

இரண்டாம் பகுதியின் தலைப்பு 'ஹூஸ்ஃபிரூவே'. ஹூஸ் என்பது இல்; ஃபிரூவே என்பது தலைவி, பெருமாட்டி. பழைய ஆங்கிலப் பெயர்ப்பு 'ஹூசபியின் தலைவி' என அவளை ஒரு பண்ணையோடு பிணைத்தது. புதியது 'மனைவி' என்று கூறி அவளை ஒரு கணவனோடு பிணைத்தது. மூலச்சொல் இவ்விரண்டையும் தன்னுள் கொண்டு, அவற்றிற்கு மேலாக ஒரு பதவியைக் குறிக்கிறது: பெருமனையின் சாவிகளை இடுப்பிற் செருகி, ஆள்களையும் களஞ்சியத்தையும் ஆள்பவள். இந்த இடத்தில் நன்னலியின் தேர்வு ஆர்ச்சரின் தேர்வைவிட மெலிந்தது என்றே கூறவேண்டும். தமிழில் 'இல்லாள்' என்பது உறுப்புக்கு உறுப்பு நார்வேஜியச் சொல்லோடு ஒத்து நிற்கிறது. ஆனால் வழக்கில் அது 'மனைவி' என்பதன் இலக்கிய வடிவமாகத் தேய்ந்துவிட்டது. 'மனைத்தலைவி' ஆட்சிப்பொருளைக் காக்கும். இத்தகைய தேர்வு மூலச்சொல்லைப் பார்த்தவருக்கே தோன்றும். 'மனைவி' என்னும் ஆங்கிலச் சொல்லை மட்டும் கண்டவருக்குத் தேடுவதற்கே காரணம் இராது.

ஆர்ச்சரைத் தள்ளலாகாது என்றதன் காரணம் முன்னிலைப் பெயரில் உள்ளது. அவர் 'தௌ' என்னும் பழைய ஒருமை வடிவத்தை ஆள்கிறார். அதனால் உரையாடலில் நெருக்கமும் சேய்மையும் ஓரளவு பிரிந்து தெரிகின்றன. இக்கால ஆங்கிலத்தில் எழுதும் நன்னலிக்கு 'யூ' ஒன்றே உண்டு. தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். தந்தை லாவ்ரான்சிடம் மகள் எவ்வாறு பேசுகிறாள், கணவனிடம் சினம் மிக்கபோது அவள் விளி மாறுகிறதா என்பன நாவலின் உயிர்நாடியான இடங்கள். நடைக்கு நன்னலியையும் விளிக்கு ஆர்ச்சரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐயம் எழும் இடத்தில் மூலத்தைக் காட்டிக் கேட்கும் முறையே இங்குப் பொருந்தும். சிறு செய்தி ஒன்றையும் சேர்க்கலாம். ஆசிரியரின் குடும்பப்பெயரில் எழுதப்படும் டகரம் நார்வேஜிய ஒலிப்பில் இல்லை. ஆங்கில எழுத்தைக் கண்டு 'அண்ட்செட்' என்று எழுதுவது அவர் நாட்டில் எவரும் ஒலியாத பெயரை அவருக்குச் சூட்டுவதாகும்.

பாதி கேட்டுப் பாதி படித்தல்

ஆன் பியோர்ன்ஸ்தாத், ஐலிஃப் ஸ்கோத்வின் ஆகியோர் உருவாக்கிய 'லிலிஹாமர்' 2012 சனவரியில் என்.ஆர்.கே.யில் தொடங்கியது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மக்கள் வாழும் நாட்டில் முதல் நாளில் அதனைக் கண்டோர் ஏறத்தாழப் பத்து இலட்சம். பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் அதன் எட்டுப் பகுதிகளையும் ஒருசேர அமெரிக்காவில் வெளியிட்டது. 2014 வரை மூன்று பருவங்கள் வந்தன. ஊர்ப்பெயரில் 'சிறிய' என்று பொருள்படும் 'லில்லெ' என்னும் முன்னொட்டு, அருகிலுள்ள ஹாமர் நகரிலிருந்து இவ்வூரைப் பிரித்துக்காட்ட வந்தது. அதை ஓர் அமெரிக்கன் 'லிலி' என்று ஆக்குகிறான். கொல்லப்பட்ட அவனது நாயின் பெயர் அது. இடப்பெயர் ஆய்வில் நாட்டார் சொற்பிறப்பு எனப்படுவது இங்கே நகைச்சுவையாகத் தலைப்பிலேயே அமர்ந்திருக்கிறது.

தொடரின் தலைவன் ஃபிராங்க் தாலியானோ, லில்லெஹாமரில் ஜியோவான்னி ஹென்ரிக்சன் என்ற புதுப்பெயரோடு வாழ்கிறான். அவன் பேசுவது ஆங்கிலம். ஊரார் அவனிடம் பேசுவது நார்வேஜியம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிகிறது. எவரும் மற்றவர் மொழிக்கு மாறுவதில்லை. அமெரிக்க நடிகர் ஸ்டீவன் வான் சான்டுக்கு ஏற்ற ஏற்பாடு என்று இதனைத் தள்ளிவிட்ட திறனாய்வு உண்டு. நம்பத்தகாதது என்பதும் ஒருவகையில் உண்மையே: சில வாரங்களில் நார்வேஜியத்தின் எல்லா வட்டார வழக்குகளையும் புரிந்துகொள்ளும் ஆற்றல் நியூயார்க் குண்டர்களுக்கு வாய்ப்பதில்லை.

ஆனால் மொழியியலார் இதனை அவ்வளவில் விடலாகாது. டேனியர், சுவீடியர், நார்வேஜியர் மூவரும் சந்திக்கும்போது தத்தம் மொழியிற் பேசி ஒருவரையொருவர் புரிந்துகொள்வதை ஹௌகன் பாதித்தொடர்பு என்ற பொருளில் ஒரு கலைச்சொல்லால் குறித்தார். ஸ்காண்டிநேவியப் பார்வையாளருக்கு ஒருவர் ஒரு மொழியிலும் மற்றவர் இன்னொரு மொழியிலும் உரையாடும் காட்சி விந்தையன்று, அன்றாடம். தொடரை எழுதியோர் அந்த அன்றாடத்தில் டேனியன் இருந்த இடத்தில் ஓர் அமெரிக்கனை அமர்த்தியுள்ளனர். வேறுபாடு எங்கே எனில், உண்மையான பாதித்தொடர்பில் இரு பக்கத்தாரும் உழைக்கின்றனர்: மெதுவாகப் பேசுவர், கடினச் சொல்லைத் தவிர்ப்பர், திரும்பக் கேட்பர். ஃபிராங்க் அவ்வாறு எதனையும் செய்வதில்லை. அவனது ஆங்கிலம் ஓரங்குலமும் வளையாது. ஊரார் ஆங்கிலம் அறிந்திருப்பது கேள்வியின்றி எடுத்துக்கொள்ளப்படுகிறது. சிறு மொழியினர் பெருமொழியினரைப் புரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்னும் இன்றைய உலக ஏற்பாட்டை, அறிந்தோ அறியாமலோ, இத்தொடர் நகைப்புடன் படம்பிடித்துள்ளது. பிறழப் புரிதலால் எழக்கூடிய நாடகத்தை ஆசிரியர்கள் பெரும்பாலும் கைவிட்டது மட்டும் இழப்பே.

பார்வையாளர் நிலையில் இன்னொரு கூறு உண்டு. நார்வேயில் வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குக் குரல்மாற்றம் செய்வது பெரும்பாலும் சிறுவர்க்கே. ஏனையவற்றிற்குப் படத்தின் அடியில் வசன வரிகள் ஓடும். எனவே நார்வேப் பார்வையாளர் ஃபிராங்கின் பேச்சைப் படித்து, ஊராரின் பேச்சைக் கேட்கிறார். அமெரிக்கப் பார்வையாளர் ஊராரைப் படித்து ஃபிராங்கைக் கேட்கிறார். ஒரே காட்சி, கேட்கப்படும் பாதியும் படிக்கப்படும் பாதியும் நாட்டுக்கு நாடு இடம் மாறுகின்றன. எழுத்தாக வந்தது எந்தப் பாதியோ அந்தப் பாதி வட்டார நிறத்தை இழக்கிறது. ஃபிராங்கின் நியூயார்க் தெருவழக்கு நார்வேஜிய எழுத்தில் மழுங்கும். ஊராரின் கிளைமொழி வேறுபாடுகள் ஆங்கில வரிகளில் முற்றும் மறையும். இந்தியாவில் இத்தொடரைக் காண்பவருக்கு நிற்பது அமெரிக்கரின் பாதியே. யார் உள்ளூரார், யார் ஓஸ்லோவிலிருந்து வந்தவர் என்று நார்வேப் பார்வையாளர் காதாற் பிரிப்பதை அவர் பிரிக்க வழியில்லை. எல்லாரும் ஒரே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றனர்.

பெயர்க்கப்படாத தலைப்பு

யூலி ஆன்தெம் எழுதி இயக்கிய 'ஸ்காம்' 2015 முதல் 2017 வரை நான்கு பருவங்களாக வந்தது. ஓஸ்லோவின் ஒரு மேனிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றியது. காட்சிகள் கதையில் நிகழும் நாளிலும் நேரத்திலும் இணையத்தில் துணுக்குகளாக வெளியிடப்பட்டன; பாத்திரங்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் குறுஞ்செய்திகளும் உடன் வெளிவந்தன. அதிகாரபூர்வமான ஆங்கில வரிகள் கிடைக்கும்வரை காத்திராமல், பல நாட்டு இளைஞர் தாமே வசன வரிகளை எழுதிப் பரப்பினர். மொழிபெயர்ப்புப் பயிற்சியின்றிச் செய்யப்பட்ட அவ்வரிகளில் பிழைகள் இருக்கலாம். இளையோர் பேச்சின் வேகத்தைப் பிடிப்பதில் அவர்கள் பயிற்சி பெற்றோரினும் துணிவுடையவர்களாக இருந்தனர்.

'ஸ்காம்' என்பதற்கு வெட்கம், அவமானம், நாணம் என்னும் மூன்றும் ஒருங்கே பொருளாகும். தமிழ் எழுத்தில் எழுதும்போது மோசடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகத் தோன்றுவது இதன் கேடு. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இத்தொடர் மீட்டு எடுக்கப்பட்டபோது நார்வேஜியத் தலைப்பே வைத்துக்கொள்ளப்பட்டது. பின்னால் நாட்டின் பெயரோ ஊரின் பெயரோ சேர்ந்தது. வியப்பளிப்பது ஜெர்மானிய வடிவம். அம்மொழியில் அதே வேரிலிருந்து வந்த, ஒலியும் பொருளும் ஒத்த சொல் இருந்தும் 2018இல் வந்த தொடருக்கு 'அழுத்தம்' என்று பொருள்படும் 'துருக்' எனப் பெயரிட்டனர். சொல் ஒன்றாயினும் அதன் வயது ஒன்றன்று. நார்வேஜியப் பள்ளி மாணவி நாவில் உயிரோடு இருக்கும் சொல், ஜெர்மானிய மாணவிக்கு முதியோரின் சொல்லாகத் தோன்றக்கூடும். இனச்சொற்களை நம்பிப் பெயர்ப்போர்க்கு இது நல்ல பாடம். மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர் இதனை நன்கு அறிவர்.

அக்கால ஓஸ்லோ இளைஞர் பேச்சில் ஆங்கிலத் தொடர்களும், குடிபெயர்ந்த குடும்பங்களின் வழி வந்த 'வல்லா' போன்ற அரபுச் சொற்களும் கலந்திருந்தன. அவற்றை ஆள்வோர் எல்லாரும் அரபு அறிந்தோர் அல்லர். இத்தகைய கலப்பை வசன வரிகளால் காட்ட இயலாது. மீட்டு எடுத்த தொடர்களோ அதனைத் தத்தம் நகரின் கலப்பால் ஈடுசெய்தன. சொற்களை விட்டுச் சமூக இடத்தைப் பெயர்த்தன என்று கூறலாம். இந்தியாவில் இதற்கு முன்னோடி உண்டு. இப்சன் 1882இல் எழுதிய மக்கள் பகைவன் நாடகத்தை 1989இல் 'கணசத்ரு'வாக எடுத்த சத்யஜித் ராய், நீரூற்றுக் குளியலகத்தைக் கோவில் தீர்த்தமாக மாற்றினார். நஞ்சு கலந்த நீர் மாறவில்லை. அந்நீரைத் தொடத் தயங்கும் அச்சத்தின் காரணம் மாறியது. ராய்க்கும் இப்சனுக்கும் இடையிலும் மொழி கடந்தது. ஆனால் அது கடந்தபின் வங்காளத்தில் தன் சொந்தக் காலில் நின்றது.

விளியைப் பொறுத்தவரை ஸ்காம் உன்செட்டுக்கு நேர்மாறான சிக்கலைத் தருகிறது. நார்வேஜியத்தில் மதிப்புக்குரிய முன்னிலைப் பெயராகிய 'தி' இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கிழந்துவிட்டது. மாணவர் ஆசிரியரையும் மருத்துவரையும் 'தூ' என்றே அழைப்பர். தமிழில் வசன வரி எழுதுவோர் அங்கே 'நீங்கள்' என்று எழுதினால் மூலத்தில் இல்லாத படிநிலை நுழையும். 'நீ' என்று எழுதினால் மாணவி துடுக்குக்காரியாவாள். இதற்கு இலக்கண விடை இல்லை. பாத்திரத்தின் பிற பேச்சைக்கொண்டு ஈடுசெய்வதே வழி.

தமிழில் வந்தவை

நார்வேஜிய எழுத்து தமிழுக்கு அன்னியமன்று. நூட் ஹாம்சனின் 1917ஆம் ஆண்டு நாவலைக் க.நா.சு. 'நிலவளம்' எனத் தந்தார். யூஸ்தைன் கோர்தரின் 'சோஃபியின் உலகம்' ஆர். சிவகுமாரின் பெயர்ப்பில் உள்ளது. இவை ஆங்கில வழியே வந்தவை. அதனால் இவற்றின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆங்கிலம் இன்றேல் இவை வந்தே இரா. சிக்கல் இடைமொழியை நாடியதில் இல்லை. தேர்ந்தெடுத்த ஆங்கில நூல் எது, அது எந்த ஆண்டினது, அதில் விடுபட்டவை உண்டா என்பதைத் தமிழ்ப் பதிப்புகள் பெரும்பாலும் கூறாமல் விடுவதில்தான் உள்ளது. ஆர்ச்சரை மூலமாகக் கொண்டு கிறிஸ்தின் தமிழில் வந்தால் அவள் உரையாசிரியர்களின் நடையிற் பேசுவாள். நன்னலியைக் கொண்டால் இன்றைய உரைநடையிற் பேசுவாள். படிப்பவர் இவ்விரண்டில் எதனைக் கண்டாலும் அதுவே உன்செட்டின் நடை என்று நம்புவார். திறனாய்வாளரும் அந்நடையை வைத்தே அவரைப் பாராட்டவோ குறைகூறவோ செய்வர். பழைய பெயர்ப்பில் விடுபட்ட பகுதி தமிழிலும் விடுபடும். அதனை நீக்கியவர் யார் என்று கேட்பதற்குத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ஒரு வரிகூட இராது.